வசனம் மனப்பாடம்; ஊராட்சித் தலைவர் பெயர் தெரியவில்லை

நாகமலைவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரைக்கு மேற்கே உள்ள ஒரு கலைக் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் இரண்டாம் ஆண்டு வகுப்பில், உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய பாடத்தைத் தொடங்குமுன், ஊழலை எதிர்த்து நாயகன் பேசும் திரைப்பட வசனம் யாருக்காவது நினைவில் இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். நாற்பத்தாறு பேரில் பாதிக்கு மேற்பட்டோர் கையைத் தூக்கினார்கள். ஒரு மாணவர் எழுந்து, ஒரு சொல் பிசகாமல், நடிகர் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் மூச்சு வாங்கி, ஒரு முழுப் பக்க அளவுக்கான வசனத்தைச் சொல்லி முடித்தார். கைதட்டல் அடங்கியபின், உங்கள் ஊராட்சித் தலைவர் அல்லது மாமன்ற உறுப்பினரின் பெயர் என்ன என்று கேட்டேன். நான்கு கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று அந்தத் தலைவரின் தம்பி மகனுடையது.

இதை மாணவர்களின் குறையாக நான் எழுதவில்லை. திரைக்கும் அரசியலுக்கும் இடையே கதவே இல்லாத ஊரில் அவர்கள் வளர்கிறார்கள். விஜயகாந்த் தம் கட்சியை 2005 செப்டம்பர் 14 அன்று தொடங்கியது மதுரையில். கமல்ஹாசன் 2018 பிப்ரவரி 21 அன்று கட்சிப் பெயரை அறிவித்தது மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில். விஜய் கட்சியின் இரண்டாவது மாநில மாநாடு 2025 ஆகஸ்ட் 21 அன்று மதுரைப் பக்கம் பாரபத்தியில் நடந்தது. எம்.ஜி.ஆர். 1980இல் வென்ற தொகுதி மதுரை மேற்கு. ஆகவே, கேளிக்கை மக்களை அரசியலிலிருந்து விலக்கிவிடுகிறது என்ற மேலைநாட்டுப் பாடநூல் வாதம் இங்கே அப்படியே பொருந்தாது. இங்கே அது மக்களை அரசியலுக்குள் இழுத்து வந்திருக்கிறது.

என் ஐயம் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. அரங்கில் பிறந்த ஆர்வம் சில சமயம் வாக்குச்சாவடிக்கும், கிராம சபைக்கும், மனுவுக்கும், தகவல் உரிமை விண்ணப்பத்துக்கும் போய்ச் சேருகிறது. பல சமயம் கைதட்டலோடு நின்றுவிடுகிறது. எது அந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது? நூல்களில் இருப்பதை நான் படித்துக்கொள்வேன். உங்கள் தெருவில், உங்கள் ஊரில் நீங்கள் கண்டதை எழுதினால் வகுப்புக்குப் பயன்படும்.

செல்லூர்த் தறி எழுதியது:

பேராசிரியருக்கு வணக்கம். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பதினெட்டு வயதில் எம்.ஜி.ஆர். மன்றத்தில் செயலாளராக இருந்தவன். ரசிகர் மன்றம் என்றாலே கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் என்று நினைக்கிறவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் மன்றத்தில் இருபத்தெட்டுப் பேர். பெரும்பாலோர் தறிக்காரர்கள், இரண்டு பேர் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவர்கள், ஒருவர் மில் தொழிலாளி. மாதச் சந்தா ஐம்பது காசு. நீள வாக்கில் கோடு போட்ட, காலிக்கோ அட்டை போட்ட கணக்கு நோட்டு ஒன்று இருந்தது; அதில் இடப்பக்கம் வரவு செலவு, வலப்பக்கம் தீர்மானம். ஞாயிற்றுக்கிழமை மாலை கூட்டம் நடத்தி, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு "மேற்படி", "ஒருமனதாக", "ஆவன செய்யுமாறு" என்ற சொற்களெல்லாம் அந்த நோட்டில்தான் அறிமுகமாயின. எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டு முதல் மனுவை எழுதியதும் அந்த நோட்டிலிருந்து கிழித்த தாளில்தான். குழாய் வர இரண்டு ஆண்டுகள் ஆயின. மாநகராட்சி அலுவலகத்தில் எந்த மேசையில் எந்தக் கோப்பு உறங்கும் என்பது அதற்குள் எங்களுக்கு அத்துப்படியாகிவிட்டது.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார். அடுத்த மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல். வாக்குப்பதிவுக்குச் சில நாள்களுக்கு முன்பு, மே 11 அன்று, அவருடைய பெரிய படமும் வெளியாயிற்று. படம் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று இவ்வூர் அரசியல்வாதி ஒருவர் சவால் விட்டதாக ஒரு கதை இன்றும் டீக்கடைகளில் உலவுகிறது, அதை விட்டுவிடுவோம். நாங்கள் பதினோரு பேர் லாரியில் போய், வாடிப்பட்டி தாண்டி ஒரு கிராமத்தில் தங்கினோம். பகலில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சரிபார்த்தோம். செத்தவர் பெயர், ஊரைவிட்டுப் போனவர் பெயர், இரட்டைப் பதிவு என்று பென்சிலால் குறித்தோம். இரவில் மைதாப் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டினோம். இரட்டை இலைச் சின்னத்தை மக்களுக்கு முதன்முதலாகக் காட்டிய தேர்தல் அது. எங்கள் வேட்பாளர் மாயத்தேவர் வென்றார், ஆளுங்கட்சி மூன்றாம் இடத்துக்குப் போயிற்று. அன்று எங்களுக்குக் கிடைத்த துணிச்சல் படத்திலிருந்து வந்ததா, பட்டியலிலிருந்து வந்ததா என்று கேட்டால், இரண்டையும் என்னால் பிரிக்க முடியாது.

அமெரிக்க மானிடவியலாளர் சாரா டிக்கி 1980களின் நடுவில் மதுரையில் தங்கி, ஏழை எளிய மக்களின் சினிமாப் பழக்கத்தையும் ரசிகர் மன்றங்களையும் ஆராய்ந்தார். மன்றங்களைக் கேலிப்பொருளாகப் பார்க்காமல் ஒருவர் அதை எழுதினார் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு நிறைவு உண்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ரசிகன் கண்மூடி வாக்களிப்பவன் என்பதும் முழு உண்மையன்று. சிவாஜி கணேசனுக்கு மதுரையில் இருந்த ரசிகர் பட்டாளத்தை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் அவர் தனிக்கட்சி தொடங்கி 1989இல் திருவையாற்றில் நின்றபோது தோற்றார். அழுதுகொண்டே அவர் படத்தைப் பார்த்தவர்கள், வாக்கை வேறு கணக்குப் போட்டு அளித்தார்கள்.

இப்போது என் பேரனும் ஒரு மன்றத்தில் இருக்கிறான். வாட்ஸப் குழுவில் நானூறு பேர். நோட்டு இருக்கிறதா என்று கேட்டேன். எந்த நோட்டு என்று திருப்பிக் கேட்டான்.

உசிலம்பட்டி ஆசிரியை எழுதியது:

செல்லூர் ஐயாவின் பதிவை மகிழ்ச்சியோடு படித்தேன். ஆனால் ஒரு கேள்வி. அந்த இருபத்தெட்டுப் பேரில் பெண்கள் எத்தனை பேர்? பட்டியலினத் தெருவிலிருந்து எத்தனை பேர்? இதைக் குற்றச்சாட்டாகக் கேட்கவில்லை. "மக்களை அரசியலுக்குள் இழுத்து வந்தது" என்று பேராசிரியர் எழுதும்போது, அந்த "மக்கள்" என்ற சொல்லுக்குள் யார் அடங்கினார்கள் என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

நான் பணிபுரியும் பகுதி பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களுக்கு அருகில் இருக்கிறது. 1996இல் இவ்வூராட்சிகளின் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. வேட்புமனு போட ஆளில்லாமல் போகும். அல்லது நிறுத்தி வைக்கப்பட்ட ஒருவர் வென்ற கையோடு பதவி விலகிவிடுவார். 2006 அக்டோபரில்தான் இயல்பான தேர்தல் நடந்தது. மேலூர்ப் பக்கம் மேலவளவில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள். இதே ஆண்டுகளில் இதே வட்டாரத்தில் கொட்டகைகள் நிரம்பி வழிந்தன. ஏழைக்கு நீதி கேட்கும் நாயகன் திரையில் தோன்றியபோது விசில் அடித்த கைகளில் சில, வேட்புமனுவைத் தடுத்த கைகளும்தாம். திரையில் கேட்ட நியாயம் தெரு முனையைத் தாண்டவில்லை. 1990களுக்குப் பின் வந்த "மதுரைப் படங்கள்" அரிவாளையும் மீசையையும் சாதிப் பெருமிதத்தையும் இவ்வூரின் அடையாளமாக்கிக் காட்டியபோது, அது அந்தத் தெரு முனைக்குச் சுவரே எழுப்பியது என்பது என் கருத்து.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய நூலில், எம்.ஜி.ஆரின் திரைத் தோற்றம் ஏழைகளின் பக்கம் நின்றதையும், அவர் ஆட்சியின் வருவாய் பெருமளவு மதுவின் மீதான வரியாக ஏழைகளிடமிருந்தே வந்ததையும் அருகருகே வைத்துக் காட்டுவார். சத்துணவின் பயனை என் வகுப்பறையில் நாள்தோறும் பார்க்கிற நான், அந்த ஆட்சியை ஒற்றை வரியில் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் 1984இல் அவர் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றதை நினைத்துப் பாருங்கள். வேட்பாளர் ஊருக்கு வரவில்லை. அவருடைய படச்சுருள் வந்தது. அவர் படுக்கையில் அமர்ந்து உணவருந்தும் காட்சியைக் கண்டு என் அம்மா கும்பிட்டாராம். பிரதிநிதியிடம் கேள்வி கேட்கும் உறவு அங்கே எப்படி முளைக்கும்?

கேள்வி கேட்பது எங்கே முளைத்தது என்று நான் கண்டதைச் சொல்கிறேன். எங்கள் ஊராட்சியில் மக்கள்தொகை மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆகவே கிராம சபைக்கு நூறு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைவெண் நிரம்பும். நூறு பேர் வந்த காட்சியை நான் பார்த்ததில்லை. நூறு கையெழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். நோட்டு நூறுநாள் வேலை நடக்கும் கண்மாய்க்கரைக்குப் போய்விட்டு வரும். சமுதாயக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். ஆண்கள் வாசலில் நிற்பார்கள். செயலர் வரவு செலவை ஒரே மூச்சில் படிப்பார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், மகளிர் குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா எழுந்து, "தெருவிளக்குப் பராமரிப்பு என்று படித்தீர்களே, எத்தனை விளக்கு, எந்தெந்தத் தெரு?" என்று கேட்டார். அடுத்த பொருளுக்குப் போவோம் என்றார்கள். அவர் உட்காரவில்லை. ஓரிரு நிமிடம் யாரும் பேசவில்லை. வெளியே ஒலிபெருக்கியில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் பட்டியலை எடுத்துப் படித்தார்கள். அவருடைய தெரு அதில் இல்லை. அவர் சினிமாவில் கற்றுக்கொண்டு வந்து கேட்கவில்லை. குழுவின் கடன் கணக்கை வாரந்தோறும் வாசித்துப் பழகியவர் அவர். செல்லூர் ஐயா சொன்ன நோட்டுதான் இதுவும் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018இல் கமல்ஹாசன் கிராம சபைகளைப் பற்றித் தொடர்ந்து பேசத் தொடங்கியபின் எங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் பத்துப் பதினைந்து இளைஞர்கள் புதிதாக வந்தார்கள். படம் எடுத்தார்கள், பதிவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் இருவர் இருந்தார்கள். அந்த இருவர் இன்னும் வருகிறார்கள்.

ஆர்மோனியப் பெட்டி எழுதியது:

மூவருக்கும் வணக்கம். கேளிக்கை என்றவுடன் எல்லோரும் சினிமாவுக்கே போய்விட்டீர்கள். ஸ்பெஷல் நாடகத்தில் முப்பது ஆண்டுகளாகப் பின்பாட்டுப் பாடிவரும் எனக்கு அதில் சிறிது வருத்தம்.

பங்குனி தொடங்கி ஆடி வரை எங்கள் பருவம். திருவிழா நடக்கும் ஊரில் இரவு பத்து மணிக்கு மேல் நாடகம் தொடங்கினால் விடிகிறவரை நடக்கும். வள்ளி திருமணம்தான் பெரும்பாலும் கேட்பார்கள். அதில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும் இடம் இருக்கிறதே, அதற்காகவே விழித்திருப்பவர்கள் உண்டு. நாரதர் ஒன்று கேட்பார், வள்ளி மடக்குவார், சட்டென்று பதில் வராவிட்டால் முன்வரிசைப் பெரியவர், "பதிலைச் சொல்லிட்டு மேலே போங்க" என்று உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பார். எழுதி வைத்த வசனம் பாதி, அந்த இடத்தில் பிறக்கும் பேச்சு பாதி. எதிரில் இருப்பவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால்தான் அதை மடக்க முடியும் என்பதைப் பள்ளிக்கூடம் போகாதவர்களும் அந்தப் பந்தலில் ஓரிரவில் தெரிந்துகொள்வார்கள்.

பபூன் வேறு வேலை செய்வார். மேலூர்ப் பக்கம் ஓர் ஊரில், நாங்கள் வந்த வேன் குழியில் இறங்கி அரை மணி நேரம் நின்றுவிட்டது. அன்றிரவு பபூன் மேடைக்கு வந்ததும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இந்த ஊருக்கு வரும் பாதையில் முருகனே வந்தாலும் மயில் நொண்டிவிடும் என்று ஆரம்பித்தார். நாடகத்துக்குப் பெரும்பங்கு பணம் கொடுத்தவர், அந்தச் சாலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர், இருவரும் ஒருவரே. அவர் முன்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தார். கூட்டம் சிரித்த சிரிப்பில் அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று. சாலை போட்டார்களா என்று கேட்காதீர்கள். மறு ஆண்டு எங்களை அந்த ஊருக்குக் கூப்பிடவில்லை.

விடுதலைப் போராட்டக் காலத்தில் இதே மேடைதான் வெள்ளையரைக் கலங்க வைத்தது. திருமங்கலத்தில் வாழ்ந்த விசுவநாததாஸ், வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டும் காட்சியில் வெள்ளைக் கொக்குகளை விரட்டும் பாட்டைப் பாடினால், எந்த வெள்ளையை விரட்டுகிறார் என்று கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் புரியும், காவலருக்கும் புரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதித்தந்த பாட்டு அது. 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் ஆட்சியாளர் கையில் இருந்தது. தாஸ் மேடையிலிருந்தே பலமுறை கைது செய்யப்பட்டார். முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு நடிக்க மறுத்த நடிகைகளும் இருந்தார்கள். ஆசிரியை சொன்ன தெரு முனை மேடையிலும் இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது.

அந்தத் தர்க்கத்தின் சாயல்தான் பட்டிமன்றமும் என்பேன். அமெரிக்கன் கல்லூரிப் பேராசிரியர் சாலமன் பாப்பையா ஊர்த் திருவிழாப் பந்தல்களில் நடத்திய மன்றங்களில் எதிரணியின் வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. பிறகு அது பண்டிகைக் காலைத் தொலைக்காட்சிக்குப் போனது. தலைப்பு மாமியார், மருமகள் என்று சுருங்கியது. இன்றைய செய்தி விவாதங்களில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். எங்கள் நாடகத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நான் ஆர்மோனியத்தை நிறுத்திவிடுவேன்.

அலங்கை மாடுபிடி எழுதியது:

நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 ஜனவரியில் எனக்கு வயது பத்தொன்பது. ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து அலங்காநல்லூர் வாடிவாசலில் உட்கார்ந்தோம், மதுரைத் தமுக்கம் மைதானத்தில் உட்கார்ந்தார்கள், செல்லூரில் ரயிலை மறித்தார்கள். எங்களைக் கூட்டியது மீம்களும் பாட்டுகளும் கைப்பேசியும்தான். எந்தத் தலைவரும் இல்லை. மேடை ஏற வந்த பிரமுகர்களை ஓரமாக உட்காருங்கள் என்று சொன்னோம். குப்பை அள்ளினோம், சோறு பகிர்ந்தோம், போக்குவரத்தைச் சரிசெய்தோம். வாடிவாசலைத் திறந்து வைக்க மதுரை வரை வந்த முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் அதைத் திறக்காமலே திரும்பினார். கேளிக்கையால் வளர்ந்த தலைமுறைக்கு அரசியல் தெரியாது என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் பேராசிரியர் ஐயாவின் கேள்வி உறுத்துகிறது. அன்று ஒன்றாக உட்கார்ந்த எங்கள் கூட்டத்தில், அதற்குப் பிறகு கிராம சபைக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை, நான் உட்பட. அங்கே நமக்கு என்ன வேலை என்றுதான் இருந்துவிட்டோம். யாரும் வரவிடாமல் தடுக்கவில்லை.

நாகமலைவாசி மீண்டும் எழுதியது:

எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தது, நால்வருக்கும் நன்றி. ஒரே ஒரு கருத்தைச் சேர்க்கிறேன். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடிகர் ஒருவரின் அரசியல் கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் இறந்தபோது, என் மாணவர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து யார் மீது பழி என்று வாரக்கணக்கில் சண்டையிட்டார்கள். கூட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் நடைமுறை என்ன, எத்தனை பேருக்கு என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்று அவர்களில் யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், வகுப்பில் அதை எடுத்துச் சொல்ல அன்று எனக்கும் தோன்றவில்லை.

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விக்டோரியா எட்வர்டு மன்றத்தை செல்லூர் ஐயா அறிந்திருப்பார். பகலில் நூலகம், மாலையானால் அதே கட்டடத்தில் ரீகல் டாக்கீஸின் ஆங்கிலப் படம். நாளிதழ் படித்தவரே எழுந்து போய் டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பி வருவார் என்று என் தந்தை சொல்வார். நோட்டும் திரையும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் அது என்று உங்கள் பதிவுகளைப் படித்தபின் தோன்றுகிறது.

வரும் அக்டோபர் 2 அன்று மாணவர்களை அவரவர் ஊர்க் கிராம சபைக்கு அனுப்பி, ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்டு, கிடைத்த பதிலை எழுதி வரச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அதற்கு முந்தைய வாரம் வகுப்பில் தர்க்கப் பயிற்சி ஒன்று நடத்தித்தர ஆர்மோனிய ஐயா வர இயலுமா? ஆசிரியை அவர்களே, முதன்முதலாகப் போகும் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லி அனுப்புவது?

ஆர்மோனியப் பெட்டி எழுதியது:

வருகிறேன் ஐயா. பபூனையும் அழைத்து வருகிறேன்; அவருக்குப் பேருந்துக் கட்டணம் மட்டும் கொடுத்துவிடுங்கள்.

உசிலம்பட்டி ஆசிரியை எழுதியது:

பதினொரு மணி என்று அறிவிப்பில் இருக்கும். பத்தரைக்கே போய்விடச் சொல்லுங்கள். கையெழுத்து நோட்டு அப்போதே சுற்றத் தொடங்கிவிடும். கையெழுத்துப் போடுமுன் தீர்மானப் பக்கம் காலியாக இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளை இரண்டு பேராகச் சேர்ந்து உட்காரச் சொல்லுங்கள்; ஒருத்தி எழுந்து கேட்கும்போது மற்றவள் பதிலை எழுதிக்கொள்ளட்டும்.